புஷ்பராக மோதிரமும் ரிவால்வரும்

அடுத்த தெரு அடகுக்கடைக்காரரை அவர் வீட்டு மாடிப்படியிலேயே வெட்டிப் பையைப் பறித்துக்கொண்டு போனார்கள். அந்த வாரமே என் வீட்டுக்காரர் துப்பாக்கி வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தார். தி. நகரில் எங்களுக்கு நகைக்கடை. மந்தைவெளியில் மாடி வீடு. நகைப் பையோடு அவர் ஸ்கூட்டரில் வந்து சேரும்வரை என் உயிர் என்னிடம் இருக்காது.

லைசென்சுக்கு நாயாய் அலைந்து, ஒருவழியாக மவுண்ட் ரோட்டில் துப்பாக்கிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் வெல்வெட் துணி விரித்து ஒவ்வொன்றாக வைத்தார், நாங்கள் நெக்லஸ் காட்டுகிற மாதிரியே. இவர் ஒன்றை எடுத்தார். குட்டையான, தடித்த விரல்கள் இவருக்கு. ஆள்காட்டி விரலில் கிடந்த புஷ்பராக மோதிரம் விசையைச் சுற்றியிருந்த இரும்பு வளையத்தில் இடித்து நின்றது. விசையை இழுக்க வரவில்லை.

"மோதிரத்தைக் கழட்டிட்டுப் பிடிங்க சார்," என்றார் கடைக்காரர்.

"அது மட்டும் முடியாது. வேற காட்டுங்க."

குரு திசை முடியும்வரை அதுதான் உயிருக்குக் காவல் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. எது நல்ல துப்பாக்கி என்று இவர் கேட்கவே இல்லை. மோதிரத்துக்குப் பொருத்தமாகத் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் வளையம் சற்று அகலமான ஒரு பழைய ரிவால்வர் அகப்பட்டது. விரலைத் திருகித் திருகி நுழைத்தால் இழுக்க வந்தது. அதையே வாங்கிவிட்டார்.

"வெட்ட வாரவன் நீங்க விரலைத் திருகுற வரைக்கும் நிப்பானா?" என்று ஆட்டோவில் கேட்டேன்.

ஒரு நாள் கல்யாண ஆர்டர் நகைகளோடு சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டார். விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போனது. புழுக்கம் தாங்காமல் வாசல் கதவைத் திறந்து வைத்திருந்தோம். கீழே கேட் கிறீச்சிட்டது. இருட்டுப் படியில் செருப்பில்லாத காலடி, நின்று நின்று, மேலே வந்தது. எங்கள் மகள் டியூஷன் முடிந்து வர இன்னும் நேரம் இருந்தது.

"யாரு?" என்றார். காலடி மட்டும் மேலே வந்துகொண்டே இருந்தது. ரிவால்வரை எடுத்துப் படியை நோக்கி நீட்டினார். மோதிரம் இரும்பில் உரசுவது எனக்குக் கேட்டது. விரல் நுழையவில்லை.

"சீக்கிரம்," என்றேன் அவர் காதில்.

"அம்மா, டியூஷன் இல்லன்னுட்டாங்க. வழியில செருப்பு வேற பிஞ்சுபோச்சு," என்று கீழிருந்து மகளின் குரல் வந்தது.

சுவரில் சாய்ந்தேன். இவர் நீட்டிய கையை மடக்கவே மறந்து நின்றார். எங்களுக்குப் பின்னால் ஜன்னலில் மிச்சமிருந்த கொஞ்ச வெளிச்சத்தில் இவர் கை அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"கையில என்னப்பா?" என்றாள்.

"டார்ச்சு."

"அப்ப இங்க காட்டுங்கப்பா. படியே தெரியல."