மூண்டாவது ஹெலியின் மெக்கானிக்

சிசிலியிலை கோடை வந்தால் மலை எரியும். தானா எரியுது எண்டு சிலபேர், ஆரோ எரிக்கிறாங்கள் எண்டு சிலபேர். ஆர் எரிச்சாலென்ன, அணைக்கிறதுக்கு ஹெலிகொப்டர் வேணும். அரசாங்கத்திட்டைப் போதிய ஹெலி இல்லை. அதாலை ஹெலி வைச்சிருக்கிற முதலாளிமாரிட்டை வாடகைக்கு எடுப்பினம். அப்பிடி ஒரு முதலாளியிட்டைத்தான் நான் தொண்ணூறுகளிலை பலெர்மோவிலை சமையல்காரனா இருந்தனான்.

முதலிலை அவற்றை வீட்டிலைதான் சமைச்சன். பிறகு, ஹெலி நிக்கிற வெளியிலை விமானிமார் சாப்பாடு சரியில்லை எண்டு தங்களுக்குள்ளை அடிபடத் தொடங்க, முதலாளி கோடை முழுக்க என்னை அங்கை அனுப்பினார். முதலாளியின்ரை மனிசி சின்னோராவுக்கு அது துண்டறப் பிடிக்கேல்லை. ஹெலியை விட்டுக் குடுத்தாலும் குடுப்பா, சமையல்காரனை விடமாட்டா. ஆனால் மனிசி சொல்லி மனிசன் கேக்கிற வீடில்லை அது. நான் பலெர்மோவிலை அல்பெர்கேரியா எண்ட பக்கத்திலை ஒரு அறையிலை இருந்தனான். விடிய ரயிலேறி பகேரியாவிலை இறங்கினால், கொம்பனி வான் வந்து அந்த வெளிக்கு ஏத்திக்கொண்டு போகும்.

முதல் நாள் ஹெலி ஸ்டார்ட் பண்ணின உடனை, தக்காளிப் பெட்டி அடுக்கின மேசைக்குக் கீழை பாய்ஞ்சன். எங்கடை ஊரிலை அந்தச் சத்தம் கேட்டால் பங்கருக்குள்ளை பாயிறது பழக்கம். இஞ்சை பங்கர் இல்லை, மேசைதான் கிடைச்சுது. விமானிமார் விழுந்து விழுந்து சிரிச்சினம். எனக்குப் பயம் ஒரு பக்கம், கோவம் ஒரு பக்கம். அண்டைக்கு அவையின்ரை பாஸ்தாவுக்கு நான் உப்புப் போடேல்லை.

அந்த யாவாரம் எப்பிடியெண்டால், ஹெலி ஆயத்தமா நிலத்திலை நிண்டாலே நாட்கூலி. பறந்தால் அதுக்கு மேலை மணித்தியாலக் கணக்கு. எரியாட்டிலும் காசு, எரிஞ்சால் கூடக் காசு. ஆபிரிக்காப் பக்கத்தாலை ஷிரோக்கோ எண்டு ஒரு நெருப்புக் காத்து வரும். ஊர்ச்சனம் எல்லாம் யன்னலைச் சாத்தும், எங்கடை முதலாளி திறந்து வைச்சு நெஞ்சிலை சிலுவை போடுவார். டீவியிலை மலை எரியிறதைக் காட்டினால், "பாவம் காடு, பாவம் மிருகங்கள்" எண்டு கண் கலங்குவார். ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுததாம்!

எனக்கு இதிலை ஒண்டும் பிரச்சினை இல்லை. எனக்கிருந்தது ஒரேயொரு பிரச்சினை. கலியாணம் முடிச்சு நாலு மாசத்திலை மனிசியை விட்டிட்டு வெளிக்கிட்டு வந்தனான். அவவைக் கூப்பிட வேணுமெண்டால் எனக்குப் பெர்மெஸ்ஸோ, அதுதான் இந்த நாட்டிலை இருக்க விடுற பேப்பர், வேணும். அது வேணுமெண்டால் முதலாளி என்ரை வேலையைப் பதிய வேணும். கேக்கிற நேரமெல்லாம் அவர், "தொமானி, தொமானி" எண்டார். தொமானி எண்டால் நாளைக்கு. அவற்றை நாளைக்கு இரண்டு வருஷமா விடியேல்லை.

விடிஞ்சது எப்பிடியெண்டால், புது ஒப்பந்தம் ஒண்டு வந்துது. மூண்டு ஹெலி, மூண்டு வருஷம். ஒரு ஹெலிக்கு ஒரு மெக்கானிக் கட்டாயம் இருக்க வேணும். எங்களிட்டை மெக்கானிக் இரண்டு பேர்தான். மூண்டாமவன் சம்பளம் கூடக் கேட்டுக் கிடைக்காமல் வடக்குப் பக்கம் ஓடிட்டான். பரிசோதனைக்கு ஆள் வரப்போகுது எண்டு முதலாளி பைத்தியக்காரன் மாதிரித் திரிஞ்சார். நான் சாளை மீன் வெட்டிக்கொண்டு நிக்கேக்கை குசினிக்குள்ளை வந்து என்ரை கையையே பாத்துக்கொண்டு நிண்டார்.

"உனக்கு ஸ்க்ரூட்ரைவர் பிடிக்கத் தெரியுமோ?"

"தெரியும்."

"போதும். நீதான் மூண்டாவது மெக்கானிக். நாளைக்கே பதியிறன்."

"லைசென்ஸ்?" எண்டு கேட்டன்.

"உன்ரை நாட்டிலையிருந்து வருது எண்டு எழுதுவம். உங்கடை நாட்டிலை ஹெலி நிறைய இருக்குத்தானே? நான் டீவியிலை பாத்தனான்."

ஓம் ஐயா, நானும் கீழை நிண்டு பாத்தனான், மேலையிருந்து சுடேக்கை பாத்தனான் எண்டு சொல்ல வாய் உன்னிச்சுது. அந்த நேரம் பாத்து மனிசியின்ரை முகம் வந்து கண்ணுக்கு முன்னாலை நிண்டுது. வாயை மூடிக்கொண்டு சாளையை வெட்டினன்.

பதிவுப் பேப்பர் கையிலை வந்த அண்டைக்கு அல்பெர்கேரியாவிலை கொண்டாட்டம். என்னோடை அறையிலை இருந்தவன் என்ரை ஊர்ப்பக்கத்துப் பெடியன், ஒரு டொக்டரின்ரை வீட்டிலை கூட்டித் துடைக்கிறவன். "இஞ்சினியர் ஐயா வாறார், வழி விடுங்கோ!" எண்டு படியிலை நிண்டு கத்தினான். பிறகு பழுதாப்போன மின்விசிறி ஒண்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஹெலிக்கும் மேலை சுத்திறது இதுதானே, ஒருக்காப் பாருங்கோவன்" எண்டான். அறுவான். நான் கழட்டினன். அந்த விசிறி பிறகு சாகும் வரை சுத்தேல்லை.

பரிசோதனைக்கு, ஹெலியை வாடகைக்கு எடுக்கிற அரசாங்கக் கந்தோரிலையிருந்து ஒரு இஞ்சினியர் வந்தார். வயிறு முன்னாலை வர அவர் பின்னாலை வந்தார். எனக்கு நீல ஓவரோல் போட்டு, முகத்திலை கொஞ்சம் கிரீஸ் பூசி, மூண்டாவது ஹெலிக்குப் பக்கத்திலை நிப்பாட்டி வைச்சிருந்தினம்.

"காலமை வந்த உடனை முதலிலை எதைப் பாப்பீர்?" எண்டு கேட்டார்.

"எல்லாத்தையும்" எண்டன்.

"பிராவோ!" எண்டார் இஞ்சினியர். "சரியான மெக்கானிக் இப்பிடித்தான் சொல்லுவான்."

சோதினை அவ்வளவுதான். பிறகு சாப்பாடு. சாப்பாட்டுக்குத்தான் ஆள் வந்தது எண்டது அவர் கதிரையிலை இருந்த விதத்திலை தெரிஞ்சுது. நான் ஓடிப்போய் முகத்தைக் கழுவி, ஓவரோலுக்கு மேலை ஏப்ரனைக் கட்டி, சாளை போட்ட பாஸ்தாவையும், எங்கடை ஊர்க் கறித்தூள் கொஞ்சம் களவாப் போட்ட கத்தரிக்காயையும் கொண்டு வந்து வைச்சன். இஞ்சினியர் என்னை நிமிந்து பாத்தார். சாப்பாட்டுக் கோப்பையைப் பாத்தார். திரும்ப என்னைப் பாத்தார். "இன்னும் கொஞ்சம் வையும்" எண்டார்.

ஒப்பந்தம் கிடைச்சுது. அந்த மூண்டாவது ஹெலி எங்கடை வெளியிலை நிண்டபடியே உழைச்சுது. அதை நான் திருத்தி அவங்கள் பறந்திருந்தால் எத்தினை உயிர் போயிருக்குமோ, பிள்ளையாரப்பா. நெருப்பு வந்தால் மற்ற இரண்டும் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு போகும், இது நிண்டு பாக்கும். நானும் குசினி வாசலிலை நிண்டு பாப்பன். மெக்கானிக்குக்கும் ஹெலிக்கும் நல்ல பொருத்தம் எண்டு விமானிமார் பகிடி பண்ணுவினம்.

எனக்குப் பெர்மெஸ்ஸோ வந்துது. மனிசியைக் கூப்பிடுறதுக்கான பேப்பர் எல்லாம் கட்டி அனுப்பினன். அதிலை என்ரை வேலைப் பதிவும் ஒண்டு, இங்கிலீசிலை மொழிபெயர்த்தது. அவ யாழ்ப்பாணத்திலையிருந்து படாத பாடுபட்டுக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையிலை ஒரு லொட்ஜிலை நிண்டவ. விசாவுக்கு எம்பசிக்குப் போறதுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமையிலை வியா மக்வேதா எண்ட தெருவிலை ஒரு டெலிபோன் கடையிலையிருந்து லொட்ஜுக்கு எடுத்து அவவோடை கதைக்கிறனான். அந்த ஞாயிறு லொட்ஜ்காரர்தான் எடுத்தார்.

"தம்பி, உம்மடை மனிசியைப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். சுற்றிவளைப்பு நடந்தது. அவவின்ரை ஹான்ட்பாக்கைச் சோதிச்சவங்கள். புருஷன் ஹெலிகொப்டர் மெக்கானிக் எண்டு ஒரு பேப்பர் இருந்திருக்கு. தம்பி, நீர் ஆரின்ரை ஹெலியைத் திருத்துறீர்?"

கண்ணாடிக் கதவைப் பிடிச்சுக்கொண்டு குந்தினன். பதினஞ்சு லட்சம் பேர் போற வாற கொழும்பிலை, வடக்கிலையிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெட்டை, புருஷன் ஹெலி திருத்துறவன் எண்ட பேப்பரைப் பாக்குக்குள்ளை வைச்சுக்கொண்டு நிண்டிருக்கிறாள். ஆமியோடை சண்டை பிடிக்கிற இயக்கத்திட்டை ஹெலி இல்லை எண்டு நாட்டுக்கே தெரியும். ஆனால் திருத்துறவன் இருந்தால் ஹெலியும் எங்கையோ இருக்குமாம். பொலிஸ் மூளை அப்பிடி வேலை செய்யுது. பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்காய் முடிஞ்ச கதை எண்டு சொல்லுவினம். எனக்கு ஹெலியாய் முடிஞ்சுது.

லொட்ஜ்காரர் பிடிச்சுக் குடுத்த லோயர் சொன்னது ஒண்டுதான். இவர் சமையல்காரன் எண்டு வேலை குடுத்தவர் ஒரு கடிதம் தந்தால் காணும், அவவை வெளியிலை எடுத்திடலாம்.

முதலாளியின்ரை காலிலை விழாத குறையாக் கேட்டன். அவருக்கு உண்மையிலையே கண் கலங்கிச்சுது, காட்டுக்குக் கலங்கிற மாதிரி.

"நீ சமையல்காரன் எண்டு நான் எழுதினால் எனக்கு மெக்கானிக் இரண்டு பேர். இரண்டு பேரெண்டால் ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் இல்லையெண்டால் உனக்கு வேலை இல்லை. வேலை இல்லையெண்டால் மனிசி இஞ்சை வரேலாது. உன்ரை நன்மைக்குத்தான் சொல்லுறன்." பிறகு தோளிலை கை போட்டார். "வேணுமெண்டால் சிசிலியிலேயே திறமான மெக்கானிக் நீதான் எண்டு ஒரு கடிதம் தாறன்."

கோதாரி விழ, அந்தக் கையை எடுத்துக் கடிச்சிருக்க வேணும்.

பிறகு இஞ்சினியரைத் தேடிக் கந்தோருக்குப் போனன். நான் சமைச்சதை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்ட மனிசன், அவர் எழுதினாலும் ஆரும் நம்புவினம் எண்டு நினைச்சன். என்னைக் கண்ட உடனை முகம் வெளிறிச்சுது.

"சாப்பாடோ? எந்தச் சாப்பாடு? ஒப்பந்தக்காரற்றை மேசையிலை நான் ஒரு நாளும் தண்ணியும் குடிச்சதில்லை. நீர் மெக்கானிக். நான்தானே சோதிச்சு எழுதினனான்."

நான் திரும்பி வாசலடிக்கு வந்திட்டன். பின்னாலை வந்து, மெல்லமா, "அந்தக் கத்தரிக்காய்க்கு என்ன போட்டனீர்?" எண்டு கேட்டார்.

பலெர்மோவிலை எத்தினை வாய்க்கு நான் சமைச்சுப் போட்டிருப்பன். நான் சமையல்காரன் எண்டு சொல்ல ஒரு வாய் இல்லை. அறைக்கு வந்து, அறைக்காரன் பாக்கப் பாக்க அழுதன். அவன் அண்டைக்கு என்னை இஞ்சினியர் எண்டு கூப்பிடேல்லை. தேத்தண்ணி போட்டுத் தந்தான்.

கடைசியிலை அவவை விட்டது ஒரு நீதவான். லோயர் வழக்கைக் கொண்டு போக, எல்லாத்தையும் கேட்டுப்போட்டு, "சரி, அந்த ஹெலிகொப்டர் எங்கை?" எண்டு கேட்டாராம். பொலிஸ் பைலைப் புரட்டிப் பாத்துதாம். விட்டிட்டினம். அதுக்குள்ளை ஒரு மாசத்துக்கு மேலை போட்டுது. பிறகு விசாவும் வந்து, அவவும் வந்து சேந்தா. மெலிஞ்சு போயிருந்தா. இடது பக்கம் நிண்டு கதைச்சால் தலையைத் திருப்பி மற்றக் காதைத் தந்தா. ஏன் எண்டு நான் கேட்டன்.

"அடிச்சவங்கள்" எண்டா. "நாளும் ஒரே கேள்வி. உன்ரை மனிசன் ஹெலி திருத்துறவன்தானே? ஓம் எண்டு கையெழுத்து வை, வீட்டை போகலாம் எண்டு சொல்லுவாங்கள். நான் மாட்டன் எண்டிட்டன். அவர் சமையல்காரன், பேப்பரிலை பிழையா எழுதிப்போட்டாங்கள் எண்டு திரும்பத் திரும்பச் சொன்னனான். நீங்கள் செய்யாத வேலையைச் செய்தனீங்கள் எண்டு நான் எப்பிடிச் சொல்லிறது?"

வந்த அந்தக் கிழமையே அவவின்ரை பெர்மெஸ்ஸோவுக்குக் குவெஸ்தூராவுக்குப் போனம். குவெஸ்தூரா எண்டால் பொலிஸ் கந்தோர். வாசலிலை சீருடையைக் கண்ட உடனை என்ரை சேட்டுக் கையைப் பிடிச்சவ, யன்னலடிக்கு வரும் மட்டும் விடேல்லை. உள்ளையிருந்த உத்தியோகத்தர் நல்ல மனிசன், முகம் குடுத்துக் கதைச்சார். அவவின்ரை பாஸ்போட்டைப் பாத்தார், என்ரை பேப்பரைப் பாத்தார், பேப்பரிலை குத்திற முத்திரையைக் கையிலை எடுத்தார்.

"நீர் என்ன வேலை செய்யிறீர்?"

"மெக்கானிக்கோ" எண்டன். "ஹெலிகொப்டர்." சிரிச்சுக்கொண்டுதான் சொன்னன். அங்கை அழுதுகொண்டு சொல்லேலாது.

அவவுக்கு அப்ப இத்தாலியன் ஒரு சொல்லும் தெரியாது. இந்த இரண்டும் தெரிஞ்சுது. என்ரை சேட்டிலையிருந்து கையை எடுத்தா.

"உங்களுக்கு இவ்வளவு லேசா வாயிலை வாறதெண்டால், நான் ஏனப்பா அவ்வளவு அடி வாங்கினனான்?"

உத்தியோகத்தர் முத்திரையை அந்தரத்திலை பிடிச்சுக்கொண்டு, அவ என்ன சொல்லுறா எண்டு என்னைக் கேட்டார்.

நன்றி சொல்லுறா எண்டு சொன்னன்.