முன்யோசனையின் நாலு வருஷத் திட்டம்

கணவன் வீட்டாரை மருமகள் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஆளைப் பார்த்து ஒரு செல்லப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற மருமகள்கள் இதற்காக வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். எனக்கு ஒரே காலையில் வேலை முடிந்தது. கல்யாணமாகி அல்மாத்தி நகரில் இந்த வீட்டுக்கு வந்த மறுநாள், என் நாத்தனார் ஃப்ரிட்ஜ் கதவில் பாய் அகலத்துக்கு ஒரு தாளை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"என் நாலு வருஷப் படிப்பு, அண்ணி."

கல்லூரி திறக்கவே அப்போது இரண்டு வாரம் இருந்தது. 'முன்யோசனை' என்று அங்கேயே பெயர் வைத்துவிட்டேன். மற்றவர்களுக்கு அவள் மக்பால். எனக்கு இன்றுவரை முன்யோசனைதான்.

அவள் சேர்ந்தது நரம்பறிவியல் பட்டப்படிப்பு. தாள் முழுக்கக் கட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறிகள். வேதியியலை முடித்தால்தான் செல் உயிரியலில் உட்கார விடுவார்களாம். அதை முடித்தால்தான் மூளையின் அமைப்பு. கணக்குப் பாடத்தை எந்தப் பருவத்தில் வைப்பது என்று யோசித்து அவள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் என் கல்யாணத்துக்கே அவ்வளவு யோசிக்கவில்லை. எந்தப் பக்கம் சுற்றினாலும் அம்புகளெல்லாம் கடைசியில் ஒரே சிவப்புக் கட்டத்தில் போய் முட்டும். மூன்றாம் வருஷம், இரண்டாம் பருவம், 'பேச்சும் மூளையும்'. கொர்லான் டீச்சர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் அந்தப் பாடத்தை நடத்துவார். அதில் படித்தவர்களை மட்டுமே கடைசி வருஷ ஆய்வுக்குச் சேர்த்துக்கொள்வார்.

என் மாமியாருக்கு இதெல்லாம் புரியாது. பொண்ணு மூளை டாக்டருக்குப் படிக்கிறாள் என்று அடுக்குமாடி முழுக்க வீடு வீடாகச் சொல்லி வைத்திருந்தார். மேல்வீட்டு அம்மா தலைவலி என்று தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

"நான் டாக்டர் இல்லைங்க. மூளை எப்படி வேலை செய்யுதுன்னு படிக்கிறேன்."

"அது வேலை செய்யலைன்னுதானே வந்திருக்கேன்!"

முன்யோசனை என்னை முறைப்பாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிச் சிரிப்பேன்.

ஆனால் அந்தச் சிவப்புக் கட்டத்தைப் பற்றி மட்டும் நான் கேலி பேசியதில்லை. காரணம் என் கணவர் தானாபெக் சொல்லித் தெரியும். என் மாமனார் கல்யாண விருந்துகளை நடத்திக் கொடுப்பவர். மைக்கைப் பிடித்தால் முந்நூறு பேரைச் சிரிக்க வைப்பாராம். அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு அடியோடு போயிற்று. பாட்டு மட்டும் போகவில்லை. தண்ணீர் வேண்டும் என்று கேட்க வராதவர், பாட்டை வார்த்தை பிசகாமல் பாடினார். இரண்டு வருஷம் அப்படி இருந்துவிட்டுப் போனார். அப்போது முன்யோசனை எட்டாம் வகுப்பு. எதற்காக இதைப் படிக்கிறாள் என்று அம்மாவிடம்கூட அவள் வாயைத் திறந்ததில்லை. இந்த வீட்டில் அவர் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

இரண்டரை வருஷம் அம்புக்குறி தவறாமல் போனாள். தோழியின் கல்யாணத்துக்குக் கூடப் போகவில்லை, மறுநாள் தேர்வு என்று. பட்டமளிப்புக்கு என்ன நிறத்தில் உடுப்பு என்பதுகூட முடிவாகி, சந்தையில் திரைச்சீலைக் கடை வைத்திருக்கும் என்னிடம் நீலப்பட்டு எடுத்து வைக்கச் சொல்லிவிட்டாள். சிவப்புக் கட்டத்துக்குப் பெயர் பதியும் வாரம் வந்தது. திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தாள்.

"பன்னெண்டு பேர் சேரலைன்னா பாடத்தையே நடத்த மாட்டாங்களாம், அண்ணி. எட்டுப் பேர்தான் இருக்கோம். வெள்ளிக்கிழமையோட முடியுது."

"முடிஞ்சா?"

"எங்களைத் தூக்கி 'தொழில் தொடங்குவது எப்படி'ங்கிற பாடத்துல போட்டுடுவாங்க."

"அதுக்கு எதுக்குக் காலேஜு? என் கடைக்கு வா, சும்மாவே சொல்லித் தரேன்."

அவள் சிரிக்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இத்தனை வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. கேலி செய்த என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன்.

"கூடப் படிக்கிற பசங்களைக் கேட்டியா?"

"அவங்க திட்டம் அவங்களுக்கு. நான் எப்படி அண்ணி போய்க் கேக்குறது?"

இதுதான் அவள். நாலு வருஷத்துக்கு ஒவ்வொரு மணி நேரத்தையும் கட்டம் போட்டவள், வகுப்பென்றால் பக்கத்து நாற்காலியிலும் ஆள் உட்கார வேண்டும் என்பதை யோசிக்கவே இல்லை. எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"புதன்கிழமை எல்லாரையும் டீக்குக் கூட்டிட்டு வா. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

சேராதவர்களில் ஆறு பேர் வந்தார்கள். நான் மாவை உருட்டிப் பவுர்சாக் பொரித்து மலைபோல் குவித்தேன். குதிரை இறைச்சி, பாலேடு, ஆப்பிள் ஜாம் எதிலும் குறை வைக்கவில்லை. டீ ஊற்றுவது மருமகளின் வேலை, அவளுடைய அதிகாரமும் அதுதான். கிண்ணத்தை நிரப்பிக் கொடுத்தால் எழுந்து போகலாம் என்று அர்த்தம். அடியில் கொஞ்சமாக ஊற்றினால் இன்னும் இரு என்று அர்த்தம். நான் அன்றைக்கு இரண்டு வாய்க்கு மேல் ஒருவருக்கும் ஊற்றவில்லை.

முன்யோசனை எழுந்து நின்று பேச ஆரம்பித்தாள். கடவுளே! அந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட், அது யார் யாருடைய அட்டவணையில் எங்கே பொருந்தும் என்று ஆறு பேருக்கும் அவளே திட்டம் போட்டு வைத்திருந்தாள். ஒரு பையன் பவுர்சாக்கை வாயில் வைத்துக்கொண்டே கொட்டாவி விட்டான். மாக்சத் என்று பெயர், கூட்டத்தில் அவன்தான் வாயாடி.

"மக்பால், கொர்லான் டீச்சர்கிட்ட எழுதி எழுதிக் கை வீங்கும், மார்க் வராது. தொழில் பாடத்துல தூங்கினாலே மார்க்கு. என்னை ஏன் எழுப்புறே?"

எல்லோரும் சிரித்தார்கள். மாக்சத் போதும் என்று கிண்ணத்தின் மேல் கையை வைத்தான். மற்ற கைகளும் ஒவ்வொன்றாகக் கிண்ணங்களை மூடின. முன்யோசனையின் முகம் வாடிவிட்டது.

அந்த நேரம் பார்த்து வேலையிலிருந்து வந்த தானாபெக் நிலைமையைப் புரிந்துகொண்டார். விருந்து நடத்திய தன் அப்பாவைப் போலவே குரலை ஏற்றினார். "இருங்கப்பா! வீட்டுக்காரங்க ஒரு வார்த்தை வாழ்த்தாம விருந்து எப்படி முடியும்? அம்மா, நீங்க சொல்லுங்க."

மேசையில் உட்கார்ந்திருந்த அத்தை திடுக்கிட்டுப் போனார். யாருக்கோ பிறந்தநாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்.

"நல்லா இருங்க பிள்ளைங்களா. உங்க படிப்பு எனக்குப் புரியாது. மூளை பத்திங்கிறாங்க, அதனால கேக்குறேன். என் வீட்டுக்காரருக்குப் பேச்சு போயிடுச்சு. ரொட்டின்னு சொல்ல வராது. என் பேரும் வராது. பாட்டு மட்டும் வரும். தினம் சாயங்காலம் எனக்கு எதிர்ல உக்காந்து ஒரே பாட்டைப் பாடுவார். நான்தான் உக்காந்திருக்கேன்னு தெரிஞ்சு பாடினாரா, இல்ல வாய் பாட்டுக்குப் பாடிச்சா? அதை யாருமே எனக்குச் சொல்லலை. உங்க புத்தகத்துல அது இருக்கா?"

நான் டீக்கெண்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

"அம்மா," என்றாள் முன்யோசனை. "அதுக்குத்தாம்மா இந்தப் பாடம்."

"எது?"

"ஃப்ரிட்ஜுல இருக்கே, அந்தச் சிவப்புக் கட்டம்."

"மூணு வருஷமா அதுக்கா படிக்கிறே?" அத்தை மகளையே பார்த்தார். "நீ தலைவலிக்குப் படிக்கிறேன்னு நினைச்சுட்டேனேடி."

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நாங்கள் இரண்டையும் செய்தோம்.

மாக்சத் மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு வார்த்தை விடாமப் பாடினாரா? பேச வராமலேயா?"

"ஒரு வார்த்தை விட்டதில்லப்பா."

"அது எப்படி முடியும்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டான். பிறகு கிண்ணத்தின் மேலிருந்த கையை எடுத்தான். "அக்கா, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

ஆறு பேரில் ஐந்து பேர் அங்கேயே உட்கார்ந்து போனில் பெயர் பதிந்தார்கள். ஆறாவது பெண் பவுர்சாக்கை மட்டும் கட்டிக்கொண்டு போனாள். அவளுக்கும் சேர்த்துத்தானே பொரித்தேன், பரவாயில்லை.

கதை இத்தோடு சுபமாக முடிந்திருக்கும். ஆனால் புதிதாகச் சேர்ந்த ஐந்து பேருக்கும் வியாழக்கிழமை மதியம்தான் ஒழிந்ததால் வகுப்பை அப்போது வைத்தார்கள். அதே நேரத்தில் முன்யோசனைக்குப் புள்ளியியல் இரண்டாம் பாகம் இருந்தது. அதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளினால், அதை நம்பி நிற்கிற கட்டங்களும் தள்ளும், பட்டம் வாங்க அரை வருஷம் கூடிப் போகும். அவள் ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றாள். பிறகு புள்ளியியலை அடித்தாள். அந்தத் தாளில் விழுந்த முதல் அடித்தல் அது.

"நீலப்பட்டை என்ன பண்றது?" என்றேன்.

"விக்காதீங்க அண்ணி. குளிர்காலப் பட்டமளிப்புக்கு உள்ளே கம்பளி வச்சுத் தைச்சுக்கலாம்."

பாருங்கள், அதற்கும் திட்டம்.

மகள் எந்த வருஷம் படிக்கிறாள் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணுகிற அத்தைக்கு இப்போது வியாழக்கிழமை மட்டும் மறப்பதில்லை. முன்யோசனை வருவதற்குள் டீயைப் போட்டு, மாமனார் உட்கார்ந்த பக்கத்தில் அவளுக்குக் கிண்ணம் வைத்துவிட்டு, எதிரில் தானும் உட்கார்ந்துவிடுவார்.

"இன்னைக்குச் சொன்னாங்களா?"

"இல்லம்மா. இன்னைக்குக் காது நரம்பு வரைக்கும்தான் நடத்தினாங்க."

"காது வந்தாச்சா?" என்றார் அத்தை. "அப்போ பக்கத்துல வந்துட்டாங்க."

அவள் கிண்ணத்தில் கொஞ்சமாக டீ ஊற்றினார்.