ஒன்றரைச் சுற்று

மேற்கு ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்கு வந்த முதல் வாரம், விடிந்தும் விடியாத நேரத்தில், பக்கத்து வீட்டுக் கிழவர் எங்கள் விடுதியைத் தாண்டி ஓடுவதைப் பார்த்தேன். அந்தக் குளிரில் வெறும் அரைக்கால் சட்டையோடு, முகம் சிவக்க, மூச்சு வாங்க ஓடினார். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது, ஆள் தேடி ஓடுகிறார் என்று முடிவுகட்டிப் புடவைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு நானும் பின்னாலேயே ஓடினேன். பூங்கா முனையில் எட்டிப் பிடித்தபோது சிரித்துக்கொண்டே "மோர்கன்" என்று காலை வணக்கம் சொன்னார். எனக்குத் தெரிந்த நாலு வார்த்தை ஜெர்மனில் "நோயாளி எங்கே?" என்று கேட்டேன். "எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன். நீ?" என்று விசாரித்துவிட்டு அவர் பாட்டுக்கு ஓடிப் போய்விட்டார். எங்கள் திருவண்ணாமலையில் ஒருவர் தெருவில் ஓடினால் பஸ் கிளம்பிவிட்டது, இல்லை மாடு அவிழ்த்துக்கொண்டது, இல்லை யாருக்கோ உயிர் போகிறது. ஒரு காரணமும் இல்லாமல் ஓடுகிற தேசத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம் என்பது ஜீரணமாக எனக்குப் பல நாள் ஆயிற்று.

பிறகு நானும் ஓட ஆரம்பித்தேன். வார்டில் என்னோடு வேலை செய்த ரெனாட்டெதான் இழுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அறைக்குள் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஓடுவது எவ்வளவோ மேல் என்று கிளம்பினேன். அங்கே 'ஹால்ப்மராத்தோன்' என்று ஒரு பந்தயம் உண்டு, இருபத்தொரு கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பது என் ஆசை. இரண்டு முறை முயன்று, இரண்டு முறையும் கொஞ்சத்தில் தவறவிட்டேன். அந்த ஊரில் என் மொழியை, என் விசாவை, நான் ஊசி போடும் விதத்தை எல்லாம் வேறு யாராவதுதான் அளந்தார்கள். இந்த ஒன்றை மட்டும் நானே அளந்துகொண்டேன். அதனால் மூன்றாவது முறைக்காகக் குளிர்காலம் முழுக்க வெறி பிடித்த மாதிரி ஓடினேன். பந்தயத்துக்குச் சில வாரம் இருக்கும்போது அண்ணனிடமிருந்து தந்தி வந்தது. அப்பாவுக்கு நெஞ்சு வலி, உடனே வா.

நான் வந்து சேர்ந்தபோது அப்பா பிழைத்து வீடு திரும்பியிருந்தார். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருந்த மனிதர். மூட்டைக்கு நடுவே நின்று அவர் போடும் சத்தம் பஸ் நிறுத்தம் வரை கேட்கும். இப்போது கட்டிலை விட்டு இறங்கவே பயந்தார். கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. நான் கையைப் பிடித்துத் தூக்கினால் இரண்டு அடி வைத்துவிட்டு, "நாளைக்குப் பாத்துக்கலாம்மா" என்று உட்கார்ந்துவிடுவார். எத்தனையோ ஜெர்மன் கிழவர்களை அறுவை சிகிச்சைக்கு மறுநாளே நடக்க வைத்தவள் நான். பெற்ற அப்பாவிடம் என் அதட்டல் செல்லவில்லை. அவர் எழுந்து நடப்பதைப் பார்க்காமல் விமானம் ஏற வேண்டியிருக்குமோ என்று தினமும் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா தன் பங்குக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். அப்பா எழுந்து நடக்க வேண்டும், அதற்குப் பெரிய பெண் மலையைச் சுற்றி வருவாள் என்று. நான் ஜெர்மனிக்குத் திரும்புவதற்கு முந்தின ஞாயிறுதான் அங்கே பந்தய நாள். கிரிவலப் பாதை பதினாலு கிலோமீட்டர், ஒன்றரைச் சுற்று ஓடினால் இருபத்தொன்று. என் பந்தயமும் ஆயிற்று, அம்மாவின் வேண்டுதலும் ஆயிற்று என்று கணக்குப் போட்டேன்.

"மலை சுத்தறது ஓட்டமாடி? ஷூ போட்டுக்கிட்டு யாராவது சுத்துவாங்களா? சாமியை நெனச்சிக்கிட்டு மெதுவா நடக்கணும்" என்றாள் அம்மா.

"ஓடும்போதும் நெனைக்கலாம்மா."

"உன் இஷ்டம். மேல ஒரு துண்டையாவது போட்டுக்க."

விடிவதற்கு முன்பே கோபுர வாசலில் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். ட்ராக் சூட்டுக்கு மேல் துண்டு. துணைக்கு அண்ணன் ஸ்கூட்டரில் பின்னாலேயே உறுமிக்கொண்டு வந்தான். பௌர்ணமி இல்லாததால் பாதை காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் தண்ணீர்க் குடம், பால் கேன், சைக்கிள் என்று எதிரே வந்த ஒவ்வொருவரும் நின்று, "இன்னாங்க ஆச்சு?" என்று கேட்டார்கள். ஓட்டத்தை விளக்கத் தெரியாத அண்ணன் முதலில், "டாக்டர் ஓடச் சொல்லியிருக்காருங்க" என்றான். அடுத்த ஆளிடம் எனக்குச் சர்க்கரை வியாதி வந்தது. பாதிச் சுற்றில் இருக்கும் அடி அண்ணாமலை வருவதற்குள் சர்க்கரை ஜாஸ்தியாகி, இந்த வயசிலேயேவா என்று ஒரு அம்மாள் எனக்காகக் கண் கலங்கினாள். சிரித்தால் மூச்சு போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன்.

முதல் சுற்று முடிந்து இரண்டாவதில் நுழைந்தபோது வெளிச்சம் வந்துவிட்டது. மலை வலப்பக்கம் கூடவே வந்தது. தொடை கல்லாகக் கனத்தது. அப்பாவை நினைத்தேன், சாமியை நினைத்தேன், கடைசியில் கடிகாரத்தை மட்டும் நினைத்தேன். முந்தின நாளே ஸ்கூட்டர் மீட்டரில் அளந்து அடையாளம் வைத்திருந்தோம். அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடைக்கு எதிரே இருக்கிற புளியமரம். அதைத் தொட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டேன். கைதட்ட அங்கே ஒருவரும் இல்லை. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷமாக அழுதேன்.

டீக்கடைக்கார அக்கா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். "ஏறு, வீட்டுக்குப் போலாம்" என்று அண்ணன் ஸ்கூட்டரை உதைத்தான்.

"ஏம்மா, பாதியில வண்டி ஏறக் கூடாதும்மா" என்றாள் அந்த அக்கா. "சுத்த ஆரம்பிச்சா முடிச்சிட்டுத்தான் போவணும். யாருக்கு வேண்டிக்கிட்டது?"

"அப்பாவுக்கு" என்றேன்.

"மொத சுத்து முடிஞ்சிடுச்சுக்கா, இது ரெண்டாவது" என்று அண்ணன் சமாளித்தான்.

"அப்ப இது யாருக்கு?"

எனக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. அப்பாவின் ஈ.சி.ஜி. தாளை நானே பார்த்திருக்கிறேன். இதயம் நன்றாகத்தான் வேலை செய்கிறது, அதற்கும் நான் ஸ்கூட்டரில் ஏறுவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எல்லாம் தெரிந்தும் கால் ஏற மறுத்தது. பயமாக இருந்தது, அவ்வளவுதான். ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"வெயில் ஏறிடும் கலா. கால் கொப்பளிச்சிடும்."

"நீ போண்ணா."

அவன் போகவில்லை. ஸ்கூட்டரை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டே கூட வந்தான். ஓடியபோது பறந்து போன பாதை இப்போது நகரவே மாட்டேன் என்றது. தார் சூடேறியது, சரளை குத்தியது. ஒவ்வொரு லிங்கத்தின் முன்னாலும் நின்று, கும்பிடுகிற சாக்கில் இளைப்பாறினேன். பாதி மலையைச் சுற்ற, ஒன்றரைச் சுற்று ஓடியதை விட அதிக நேரம் ஆயிற்று.

எங்கள் தெரு முனை திரும்பியபோது வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். அப்பா. பின்னால் அம்மா கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"எங்கம்மா போயிட்ட? மணி இன்னா ஆச்சுன்னு தெரியுமா?" மண்டியில் கேட்ட அதே குரல்.

"யார்ப்பா கூட்டிட்டு வந்தாங்க?"

"யாரு கூட்டிட்டு வரணும்? ரொம்ப நேரமா உன்னக் காணோம். அதான் வந்தேன்."

கூடம், ரேழி, இரண்டு படி. எல்லாவற்றையும் யாரும் தொடாமல் தாண்டியிருக்கிறார். சொன்ன நேரத்துக்கு நான் ஸ்கூட்டரில் வந்து இறங்கியிருந்தால் கட்டிலிலேயே படுத்திருப்பார். அவரைப் பிடித்துக்கொள்ளப் போனேன். என் கால்தான் தள்ளாடியது, அவர் என் தோளைப் பிடித்தார்.

"ஜெயிச்சியா?"

"ஜெயிச்சேம்பா."

"கூட யாரு ஓடினாங்க?"

"யாரும் இல்லப்பா, தனியாத்தான்."

"அப்புறம் யாரை ஜெயிச்ச?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நெஞ்சு வலிக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். மலை எழுப்பி விட்டது என்று அம்மா தெரு முழுக்கச் சொன்னாள், நான் மறுக்கவில்லை.

அந்த வாரமே திரும்பிவிட்டேன். என் நேரத்தைச் சொன்னதும் ரெனாட்டெ கட்டிப் பிடித்துக்கொண்டாள். முடித்த பிறகு பாதி மலை வெறுங்காலில் நடந்தேன் என்றேன். பந்தயத்துக்குப் பின் உடம்பைத் தளர்த்த மெதுவாக ஓடுவதை அவர்கள் 'ஔஸ்லாஃபன்' என்பார்கள். "ஔஸ்லாஃபனா? மிகவும் நல்லது, ஆனால் அவ்வளவு தூரம் தேவையில்லை" என்றாள். விளக்கப் போய், ஜெர்மன் போதாமல் விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் எழ மறுக்கும் நோயாளியிடம் போய்க் கையைப் பிடிப்பதில்லை. வார்டு நடைபாதையின் அந்தக் கோடியில் போய் நின்றுகொள்கிறேன். யாரோ ஒரு கிழவர் கம்பியைப் பிடித்துப் பிடித்து என்னை நோக்கி வருகிறார். தாதியர் எல்லாரும் கைதட்டுகிறார்கள். நானும் தட்டுகிறேன்.

போன வாரம் அண்ணன் கடிதம் போட்டிருந்தான். அப்பா நன்றாக இருக்கிறாராம், தினமும் காலையில் தானே எழுந்து வாசல் வரை நடக்கிறாராம். "தெரு முனையைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு, உள்ள போயிடறாரு" என்று எழுதியிருந்தான்.