அரிசி டிரம்முக்குள் என் குரல்

எனக்குப் பயம் வயிற்றில்தான் வரும். புயலடித்த அன்றைக்கு முற்பகலில் வந்தது இன்னும் முழுசாகப் போகவில்லை.

அடையாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பம். அங்கே ஒற்றை அறையில் பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்துகிறோம். ஒரு நிவாரண அமைப்பு நோட்டுகளும், மதியச் சோற்றுக்கு அரிசியும், கூடவே இரண்டு வாக்கி-டாக்கியும் கொடுத்தது. புயலில் செல்போன் செத்துப்போனால் பேசுவதற்கு. ஒன்று மயிலாப்பூரில் என் வீட்டில். இன்னொன்று அங்கே சோறாக்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மீன்கார அக்காவிடம். வாசலோரம் ஆணியில் மாட்டச் சொல்லியிருந்தேன். ஒருநாள் போய்ப் பார்த்தால் அரிசி டிரம்முக்குள் கிடக்கிறது.

"என்னக்கா இது, மெஷினுக்குச் சோறு ஊட்டறீங்களா?"

"உப்புக் காத்து டீச்சரம்மா. என் மூக்குத்தியே கறுத்துப் பூட்ச்சு, இது நிக்குமா? அரிசில கீதுன்னா ஈரம் அண்டாது."

கோபித்துக்கொண்டு திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.

புயல் நாளில் பள்ளிக்கூடம் லீவு. பெற்றவர்கள் படகுகளை மேட்டுக்கு இழுக்கப் போய்விட்டதால் பதினேழு பிள்ளைகளும் டியூஷன் அறையில். ஏரித் தண்ணீரை ஆற்றில் திறந்துவிட்டார்கள், ஆற்றோரத்தில் யாரும் இருக்க வேண்டாம் என்று டிவியில் சொன்னார்கள். உடனே கரண்ட் போயிற்று. செல்போனில் டவர் இல்லை. வாக்கி-டாக்கியில் கத்தினேன். பதில் இல்லை. தெருவில் இறங்கினேன், முனை திரும்புவதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. திரும்பி வந்து மறுபடி கத்தினேன்.

அந்த ஆணி என் தோள் உயரம். அதுவே முழுகிப்போய்த்தான் பதில் இல்லையென்றால், பிள்ளைகள்?

எத்தனை முறை கத்தினேனோ, கரகரவென்று ஒரு குரல் வந்தது.

"இன்னாத்துக்கு டீச்சரம்மா இப்டி கத்திக்கினு கீற? அரிசிக்குள்ள பேய் பேசுதுன்னு பசங்க அலறுதுங்க!"

"எங்கக்கா இருக்கீங்க?"

"பக்கத்து ஹவுசிங் போர்டு மூணாவது மாடி. தண்ணி வாசல்ல எட்டிப் பார்த்துச்சு, பசங்களையும் டிரம்மையும் இட்டுக்கினு ஏறிட்டோம். அரிசிய வுட்டுட்டு வேற இன்னாத்த தூக்குவாங்க?"

அன்று நான் ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பியதும் அக்கா வாக்கி-டாக்கியைத் திரும்ப டிரம்முக்குள்ளேயே போட்டிருக்கிறாள்.

என் வயிறு நம்பவில்லை. பிள்ளைகளை வருகைப் பதிவு எண்ணைச் சொல்லச் சொன்னேன். ஒன்று, இரண்டு என்று சின்னச் சின்னக் குரல்கள். பத்து வந்தது. பிறகு வெறும் இரைச்சல்.

பதினொன்று, மூன்றாம் வகுப்புப் பெண்.

"பதினொண்ணு எங்கக்கா? அக்கா, பதினொண்ணு எங்க?"

திரும்பத் திரும்பக் கேட்டேன். வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது, பேசுவதற்கு அழுத்தும் பட்டனிலிருந்து நான் விரலை எடுக்கவே இல்லை என்று. எடுத்தால்தான் எதிர்முனையில் இருப்பவர் பேச முடியும்; அவர்களுக்கு அதைப் பாடமாகச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். எடுத்தேன்.

"...கீறா, கீறா! எவ்ளோ தபா சொல்றது? பசி தாங்காம அரிசிய வாய் நெறைய அள்ளிப் போட்டுக்கினு கீறா. எப்டி பேசுவா?"

மென்றுகொண்டே ஒரு குரல்: "பதினொண்ணு, டீச்சர்."

வெள்ளம் வடிந்ததும் போனேன். சுவரில் ஆணிக்கு மேலே ஒரு முழத்தில் சேற்றுக்கோடு. பதினொன்றைக் கூப்பிட்டு அதன் கீழே நிற்கவைத்தேன். அவள் தலை ஆணிக்குக்கூட எட்டவில்லை.

ஆணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, டிரம்மைத் திறந்து, வாக்கி-டாக்கியை அரிசிக்குள் நானே வைத்தேன்.