மாறன் கரை சேராத இரண்டரை வருஷம்

என் வீட்டுக்காரி சௌந்திரம் ஒரு பொய்க்காரி. இதை நான் ஊரறியச் சொல்வேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுச் சிரிப்பாள். வேறு எவனாவது அவளைப் பொய்க்காரி என்று சொல்லிப் பார்க்கட்டும், அப்புறம் இந்த மணியன் யார் என்று காட்டுகிறேன்!

சேலத்துப் பக்கம் இளம்பிள்ளையில் செங்கோட்டையண்ணனின் தறிக்கூடத்தில் ஆறு குழித்தறிகள். மூன்றாவது தறி என்னுடையது. வாசல் பக்கம் இரண்டு ராட்டைகள். ஒன்றில் சௌந்திரம் தார் சுற்றுவாள், அதாவது நெய்கிற நூலைக் குச்சியில் சுற்றுவாள், இன்னொன்றில் பாவாயக்கா. சௌந்திரம் எடப்பாடியில் பிறந்தவள், அங்கே ஐந்தாவது வரை படித்தவள். கல்யாணமாகி இரண்டு வருஷம் வரைக்கும் அது எனக்கே தெரியாது என்றால் நம்புவீர்களா? ஒரு நாள் நூல் கட்டைப் பிரித்தவள், சுற்றி வந்த காகிதத்தைக் கீழே போடாமல் உதடு அசைய உட்கார்ந்திருந்தாள்.

"என்ன புள்ள முணுமுணுக்கற?" என்றேன்.

"கதைங்க. பாதியில கிழிஞ்சிருக்குது" என்றாள். கிழிந்துபோன மீதியை நினைத்து நினைத்து அன்றைக்கு அவள் சுற்றிய தார் எல்லாம் தொளதொளவென்று வந்தது. அண்ணனிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்தக் கதைதான் 'அலைமேல் குதிரை'. சென்னையில் யாரோ ஒரு நாவலாசிரியர் வாரப் பத்திரிகையில் தொடராக எழுதிவந்தார். ஆகா, என்ன கதை! கடல் நடுவே ஒரு கோட்டை. அதன் இளவரசன் மகிழ்மாறன். தண்ணீரின் மேல் நடக்கும் வெள்ளைக் குதிரை ஒன்று அவனிடம் இருக்கிறது. அந்தக் குதிரைக்காகக் கருங்குடையான் என்ற மந்திரி செய்யாத சூழ்ச்சி இல்லை. கிழிந்த காகிதத்தில் இருந்தது அரைப் பக்கம்தான். அதைக் கேட்டுவிட்டு ஆறு பேரும் மடியிலிருந்து காசு எடுத்துப் போட்டுப் பத்திரிகைக்கு ஏற்பாடு செய்துவிட்டோம்.

அது யுத்த காலம். பஸ்ஸுக்குப் பெட்ரோல் கிடையாது. பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு, புகையைக் கக்கிக்கொண்டு சேலத்திலிருந்து வரும். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் பத்திரிகை வந்ததும் ஆறு தறியும் நின்றுவிடும். தறிச் சத்தத்தில் கதை காதில் விழாதே! முதல் வாரம் செங்கோட்டையண்ணன் குதியோ குதி என்று குதித்தார். "தறி ஓட்ட வந்தீங்களா, கூத்துப் பாக்க வந்தீங்களா?" மூன்றாவது வாரம் அவரே தெருவில் நின்று, "என்றா, பஸ்ஸு இன்னும் காணம்?" என்று கேட்டார்.

சௌந்திரம் வாசிக்கிற விதம் தனி. வலது கை ஆள்காட்டி விரலை வரிக்குக் கீழே வைத்துக்கொள்வாள். விரல் எறும்பு மாதிரி ஊரும், குரல் அதன் பின்னாலேயே போகும். சண்டை வந்தால் விரல் ஓடும். நாங்கள் குழிக்குள் காலைத் தொங்கப் போட்டபடி வாயைப் பிளந்து உட்கார்ந்திருப்போம்.

பாவாயக்கா மட்டும் வாயைப் பிளக்க மாட்டாள். அவளுடைய ஒரே மகன் கந்தன் மலாயாவில் ரப்பர் தோட்டத்து வேலைக்குக் கப்பல் ஏறியவன். ஜப்பான்காரன் அந்த நாட்டைப் பிடித்த பிறகு ஒரு கடுதாசி வரவில்லை. இருக்கிறானா இல்லையா என்று சொல்ல நாதி இல்லை. கதையில் கடல் என்று வந்தால் போதும், அக்காவின் ராட்டையும் கையும் அப்படியே நின்றுவிடும்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் வைகாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. கருங்குடையான் விட்ட அம்பு மாறனின் மார்பில் பாய்ந்தது. குதிரை கனைத்தது. மாறன் அலைக்குள் விழுந்தான். 'தொடரும்' என்று போட்டுவிட்டான் பாவி! அந்த வாரம் கூடத்தில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. நான் இரண்டு இடத்தில் இழையை விட்டுவிட்டு நெய்தேன்.

பாவாயக்கா சோறு தின்பதை நிறுத்திவிட்டாள். சௌந்திரம் கிண்டிக் கிண்டிக் கேட்டபோது மெதுவாகச் சொன்னாள்.

"அந்தத் தம்பி தண்ணியிலிருந்து எந்திரிச்சா எம்மவனும் எந்திரிச்சு வருவான்னு மனசுல முடிஞ்சு வெச்சுட்டேன் அம்முணி. இப்ப அவன் மேல அம்பு பாஞ்சிருச்சே!"

எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பது, கிணறு வெட்டுவது, எதுவானாலும் அம்மனிடம் பூக் கேட்காமல் செய்ய மாட்டோம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் கட்டி அம்மன் முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் நல்லது. "அப்ப மாறனுக்கும் கேட்டுப்போடலாம்" என்றார் செங்கோட்டையண்ணன். எவனும் சிரிக்கவில்லை. எனக்கும் அது ஞாயமாகத்தான் பட்டது!

மாரியம்மன் கோயில் பூசாரி எங்கள் முகங்களைப் பார்த்துப் பயந்துபோனார்.

"பேரும் நட்சத்திரமும் சொல்லுங்க."

"மகிழ்மாறனுங்க" என்றாள் சௌந்திரம். "ரெண்டாவது வாரத்துல பூரட்டாதின்னு போட்டிருந்துதுங்க."

"இப்ப எங்க இருக்கறான்?"

"கடல்லிங்க. நெஞ்சுல அடிபட்டுக் கெடக்கறான்."

"அட சாமி, பட்டாளத்துப் பையனாக்கும்!" என்று பூசாரி கண் கலங்கி, இரண்டு சூடம் கூடவே ஏற்றினார். நாங்கள் ஒருவரும் திருத்தவில்லை. செங்கோட்டையண்ணனின் மூன்று வயசுப் பேத்தி பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தால் வெள்ளை! மொட்டு மொட்டாக வெள்ளை அரளி! கோயிலே அதிர நாங்கள் போட்ட சத்தத்தில் குழந்தை அழுதுவிட்டது. பாவாயக்கா அங்கேயே பிரசாதத்தை வாங்கித் தின்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பஸ் வந்தது. சௌந்திரம் விரலை வைத்தாள், வாசித்தாள். கடல், அலை, குதிரை தேடுகிறது. திடீரென்று நிறுத்தினாள். பாவாயக்காவை ஒரு தரம் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள்.

"அப்போது ஒரு பெரிய மீன், மாறனைத் தன் முதுகில் தாங்கியது!"

கூடமே எழுந்து குதித்தது. "பூ பொய்க்குமா!" என்று செங்கோட்டையண்ணன் என் முதுகில் அறைந்த அறை இன்னும் வலிக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பைக்கூடப் பற்ற வைக்காமல் சௌந்திரம் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்க, மாறன் செத்துப்போயிட்டானுங்க."

"என்ன புள்ள உளர்ற? மீன் தாங்கிச்சே?"

"மீனு நானுங்க. இதுல செத்துப்போயிட்டான். பொணம் கரை ஒதுங்கி, கொள்ளி வெச்சுக் காரியமும் பண்ணிப்போட்டாங்க. இனிமே அவன் தம்பிதான் குதிரை ஏறப்போறானாம்."

எனக்கு வந்ததே கோபம்! "அச்சடிச்சதை மாத்தி வாசிக்கறதுக்கு நீ ஆரு? நாளைக்குத் தெரிஞ்சா மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெப்பே?" என்று கத்தினேன்.

"பாவாயக்கா மூஞ்சியப் பாத்துப்போட்டு நீங்க வாசிச்சிருப்பீங்களா?" என்று திருப்பிக் கேட்டாள். எனக்குத்தான் எழுத்தே தெரியாதே!  போய் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் கொண்டாட்டம்! பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாத கதையை அவள் வாராவாரம் வாசித்தாள். ராட்டை சுற்றும்போதே யோசித்து வைத்துக்கொள்வாள். கடலுக்கடியில் ஒரு ராட்சசி, அலையைப் பாவாகவும் மின்னலை ஊடையாகவும் போட்டு நெய்கிறாள். நெய்து முடித்தால் கடல் முழுக்க மூடிவிடும். பாவுக்குள் ஊடையை இழுத்துக்கொண்டு ஓடும் அவளுடைய நாடாவை மாறன் திருடிக்கொண்டு ஓடுகிறான். நாங்கள் தறிக்காரர்கள், நாடா போனால் என்ன பாடு என்று எங்களுக்குத் தெரியாதா? உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டோம். உண்மையைச் சொல்கிறேன், அந்த நாவலாசிரியரைவிட என் வீட்டுக்காரி ஒரு மாற்று உசத்தி.

ஏழு வாரம் ஓடியது. எட்டாவது வாரம் சேலத்திலிருந்து நூல் கொண்டுவருகிற சின்னண்ணன் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான். கொஞ்ச நேரம் நின்று கேட்டான்.

"இதென்னங்க அக்கிரமம்! மாறன் செத்து ரெண்டு மாசமாச்சு. நானுந்தான் படிக்கறேன். அதுல இப்பத் தம்பிக்காரன் கதையில்ல ஓடுது?"

 சௌந்திரத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. நான் குழியிலிருந்து எழுந்து சின்னண்ணன் பக்கம் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. செங்கோட்டையண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏப்பா, பூக் குடுத்த அம்மன் பொய்யா, எங்கியோ மெட்ராஸ்ல உக்காந்து எழுதறவன் பொய்யா? அவன் தப்பா எழுதிப்போட்டான். அவ்வளவுதான்!"

ஆனால் எல்லோரும் பார்த்தது பாவாயக்காவை. அவள் ராட்டையைத் தள்ளி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"அம்முணி விரலு அன்னைக்கே நின்னுபோச்சு. மீனு வந்தப்பவே பாத்தேன். வாய் பேசுது, விரலு நகரல."

"தெரிஞ்சும் ஏனக்கா கேக்கல?" சௌந்திரம் அழுதுவிட்டாள்.

"எதுக்குக் கேக்கறது? அந்தாளு கையில உட்டாக் கொன்னு போடறான். உன்ற கையிலயே இருக்கட்டும் சாமி. ஆனா ஒண்ணு. எம்மவன் வராம அவனக் கரை சேத்துப்போடாத."

அன்றிலிருந்து பத்திரிகை வாங்குவதை நிறுத்திவிட்டோம். விரலை வைக்க ஒன்றும் இல்லாமல், சௌந்திரம் கையை மடியில் வைத்துக்கொண்டு கதை சொல்வாள். சின்னண்ணன் நூல் இல்லாத வாரத்திலும் வெள்ளிக்கிழமை வந்துவிடுவான், "இந்தப் பக்கம் ஒரு சோலி" என்பான். வாராவாரம் கரை தெரியும். வாராவாரம் புயலோ பூதமோ வந்து மாறனை மறுபடி இழுத்துப் போகும். "போன வாரம் எட்டி மிதிச்சா மணலு, இந்த வாரம் எதுக்குச் சுழல்?" என்று நான் கிண்டல் செய்வேன். மூன்றாவது வருஷம் கிண்டல் நின்றுவிட்டது. யுத்தம் முடிந்தது என்றார்கள். மலாயாவிலிருந்து சில ஊர்களுக்குக் கடுதாசி வந்தது. எங்கள் அக்காவுக்கு வரவில்லை.

"இன்னும் எத்தன நாளைக்குங்க அவனத் தண்ணியிலயே வெச்சிருப்பேன்? பயமா இருக்குதுங்க" என்றாள் சௌந்திரம் ஒரு நாள். 

நாற்பத்தைந்து, கார்த்திகை. ஒரு செவ்வாய்க்கிழமை தபால்காரர் வாசலில் நின்று, "பாவாயிங்கறது ஆரு?" என்றார். கையில் ஒரு கார்டு. ஆறு தறியும் ஒரே மூச்சில் நின்றன. கார்டு கை மாறிக் கை மாறிச் சௌந்திரத்திடம் வந்தது. அவள் ஒரு பார்வை பார்த்தாள், கத்தினாள்.

"அக்கா! கந்தன் இருக்கறான்! கப்பலுக்குக் காத்துக்கிட்டிருக்கறானாம்! வாரேன்னு எழுதியிருக்கறான்!"

பாவாயக்கா குதிக்கவில்லை. சௌந்திரத்தையே உற்றுப் பார்த்தாள்.

"இது அதுல இருக்குதா? இல்ல, நீயாச் சொல்றயா?"

  இத்தனை நாள் இரக்கப்பட்டுச் சொன்ன பொய், இந்த ஒரு நிஜத்தை இப்படி மறித்துக்கொண்டு நிற்கும் என்று யார் கண்டது!

சௌந்திரம் எழுந்து போய் அக்காவோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கார்டை அக்காவின் மடியில் வைத்தாள். ஆள்காட்டி விரலை முதல் வரிக்குக் கீழே வைத்தாள்.

"என்ற மூஞ்சியப் பாக்காதீங்க அக்கா. விரலப் பாருங்க."

"அன்புள்ள அம்மாவுக்கு மகன் கந்தன் எழுதிக்கொண்டது. நான் உயிரோடு இருக்கிறேன்..."

விரல் நகர்ந்தது. இரண்டாவது வரி, மூன்றாவது வரி. பாவாயக்காவின் கண்ணும் கூடவே நகர்ந்தது. ஒரு பக்கம் முடிந்தது. கார்டைத் திருப்பினாள். அங்கேயும் விரல் ஊர்ந்தது, நிற்காமல், கடைசி எழுத்துவரைக்கும்.

அக்கா அந்த விரலைப் பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் போட்டாள் பாருங்கள் ஒரு கூப்பாடு, தெருவே ஓடி வந்துவிட்டது! ஆளுக்கு ஆள் கட்டிப் பிடித்து, செங்கோட்டையண்ணன் பேத்தியைத் தூக்கிச் சுற்றி, யார் சிரிக்கிறார்கள் யார் அழுகிறார்கள் என்றே தெரியவில்லை.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் பாவாயக்கா சௌந்திரத்தின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அம்முணி, அந்தத் தம்பியக் கரை சேத்துப்போடு. பாவம், ரெண்டரை வருசமாத் தண்ணியில நனையறான்."

"இன்னைக்குச் செவ்வாக்கெழமைங்க அக்கா."

"செவ்வாயாவது வெள்ளியாவது! சொல்லு சாமி!"

தெருச் சனம் அத்தனையும் தறிக் குழிகளைச் சுற்றி உட்கார்ந்தது. சௌந்திரம் கார்டை அக்காவின் மடியிலேயே விட்டுவிட்டு, இரண்டு கையையும் வீசி வீசி, மாறனைக் கரையேற்றினாள்.