வலிக்காமல் அடிக்கிறேன் என்றவள்

இரண்டு வருடம் நான் அவளிடம் அடி வாங்கியிருக்கிறேன். கும்மிடிப்பூண்டியில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எங்களுக்கு ஒரே லைன், தங்கியிருந்தது ஒரே வாடகை அறை. ஷிஃப்ட் முடிந்தால் டயர் கடை மாடியில் குத்துச்சண்டைப் பயிற்சி. அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்த ஒரு பெண் அங்கே எங்களைப்போன்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். உடம்பு இளைக்கட்டும் என்று போனவள் நான். துணைக்கு ஆள் வேண்டுமென்று அவளை நான்தான் வம்பாக இழுத்துக்கொண்டு போனேன்.

அவள் பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கும் வீட்டுப் பெண். சிறுவயதிலிருந்தே அப்பாவோடு படகில் நின்று கோல் ஊன்றித் தள்ளிய தோள்கள். கை நீளம். எல்லாவற்றுக்கும் மேல் அவள் கண். நான் குத்தவேண்டும் என்று நினைப்பதற்குள் அவள் தலை அந்த இடத்தில் இருக்காது.

"எப்பிடிடி தெரியுது உனக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அடிக்கிறதுக்கு முன்னாடி நீ மூக்கால புஸ்ஸுனு மூச்சு இழுக்கிறக்கா. லெட்டர் போட்டுட்டு இல்ல அடிக்கிற?"

சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து வாயைக் கொஞ்சம் திறந்துவைத்துக்கொண்டு மூச்சுவிடப் பழகினேன். எனக்குத் திறமை குறைவு என்பதில் எனக்கு ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை. சொன்னதை விடாமல் செய்வேன் என்பதிலும் சந்தேகம் இருந்ததில்லை.

முதல் வருடமே மாவட்டப் போட்டியில் அவள் தங்கம் வாங்கினாள். எதிரில் நின்ற பெண்கள் யாராலும் அவளைத் தொடக்கூட முடியவில்லை. கம்பெனி கேட்டில் பேனர் வைத்தார்கள். சூப்பர்வைசர்கள் அவளோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். நானும் அந்த பேனருக்குக் கீழே நின்று, இவள் என் ரூம்மேட் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். அவ்வளவு பெருமை எனக்கு.

அதற்குப் பிறகுதான் காலையில் அவள் எழுந்திருப்பது நின்றது. கொல்கத்தா நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில், எளாவூர் பக்கம் போகும் லாரிகளை ஒட்டி நாங்கள் ஓடுவோம். நான் ஷூ மாட்டிக்கொண்டு எழுப்பினால் போர்வையை இழுத்துத் தலைக்குமேல் போட்டுக்கொள்வாள்.

"நீ ஓடுக்கா. உனுக்குதான் தேவ."

மாடியிலும் அப்படித்தான். கயிறு தாண்டுவதில்லை. தொங்கும் மணல்மூட்டையைக் குத்துவதில்லை. நேராக ரிங்குக்குள் ஏறி என்னோடு மட்டும் ஆடுவாள், அதுவும் இரண்டு கையையும் இடுப்புக்குக் கீழே தொங்கப்போட்டுக்கொண்டு. முகத்தை முன்னால் நீட்டி, அடி பார்க்கலாம் என்பாள். நான் அடிப்பேன், காற்றில் போகும். சுற்றி நிற்கும் பெண்கள் கைதட்டுவார்கள்.

"கைய மேல தூக்குடி," என்று டீச்சர் கத்தினார் ஒருநாள்.

"அடி பட்டா தூக்கறேன் டீச்சர்."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். என்னைக் கூப்பிட்டு, "நீ முகத்தப் பாக்காத. முகம் நகரும். வயிறு அவ்ளோ சீக்கிரம் நகராது. அங்க அடி," என்றார். அன்றிலிருந்து நான் அவள் வயிற்றில் மட்டுமே குத்தினேன். அதற்கும் அவள் சிரித்தாள். "இன்னாக்கா, கிச்சுகிச்சு மூட்டறியா?"

அவளுடைய எடைப் பிரிவு என்னுடையதற்கு ஒன்று கீழே. அதனால் போட்டியில் நாங்கள் எதிரெதிரே நிற்போம் என்று இருவருமே நினைத்ததில்லை.

அடுத்த வருடப் போட்டி திருவள்ளூரில் ஒரு பள்ளிக்கூட அரங்கில். முந்தின நாள் சாயங்காலமே மணவாள நகரில் என் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டோம். அம்மா அவளுக்காகவே மட்டன் குழம்பு வைத்திருந்தாள். நான் இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டேன். அவள் தோசைமேல் தோசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் காலைல எடை பாப்பாங்கடி."

"அதெல்லாம் காலைல ஒரு ஓட்டம் உட்டா எறங்கிடும். நீ பேஜாரு பண்ணாதக்கா. அம்மா, இன்னோ ஒண்ணு."

"உடு, சின்னப் பொண்ணு, சாப்புடட்டும்," என்று அம்மா எனக்குத்தான் அதட்டல் போட்டாள்.

காலையில் எடைக் கருவியில் ஏறினாள். முள் அவள் பிரிவின் அளவைத் தாண்டிப் போயிற்று. ஸ்வெட்டர்மேல் ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு பள்ளி மைதானத்தைச் சுற்றி ஓடினாள். ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. எடை குறையட்டும் என்று எச்சிலைத் துப்பித் துப்பி உதடு வெடித்துவிட்டது. மறுபடி ஏறினாள். அப்போதும் கூடுதல்தான். வேண்டுமானால் மேல் பிரிவில் ஆடலாம் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். மேல் பிரிவு என்றால் என்னுடையது.

டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவள் என்னிடம் வந்து தோள்மேல் கைபோட்டாள். முகம் வெளிறியிருந்தாலும் சிரிப்பு போகவில்லை.

"ஃபைனல்ல நாமதான்கா. பயப்படாத. உன்ன வலிக்காம அடிக்கிறேன்."

அவள் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. பயம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது. நன்றாக மூச்சு விட்டேன். பசித்தது. ஒரு வாழைப்பழம் சாப்பிட்டேன்.

மதியம் அவள் ஒரு பெண்ணை முதல் ரவுண்டிலேயே முடித்துவிட்டாள். நான் என் ஆட்டத்தை மூன்று ரவுண்டும் ஆடி, பாயின்ட்டில் ஜெயித்து வந்தேன். சாயங்காலம் இறுதிப் போட்டி. இரண்டு பேரும் தன் பெண்கள் என்பதால் டீச்சர் எந்த மூலையிலும் நிற்கவில்லை. கூட்டத்தோடு போய் உட்கார்ந்துகொண்டார்.

முதல் ரவுண்டு முழுக்க அவளுடையது. கைகளைத் தொங்கவிட்டு ஆடினாள், கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தாள். என் மூக்கில் இரண்டு முறை பட்டது. உண்மையிலேயே வலிக்காமல்தான் அடித்தாள். நான் முகத்தைப் பார்க்கவே இல்லை. வயிறு, விலா, மறுபடி வயிறு. மாடியில் செய்த அதே வேலை.

இரண்டாவது ரவுண்டின் நடுவில் அந்தச் சத்தம் கேட்டது. என் குத்து விழுந்ததும் அவள் வாயிலிருந்து 'ஹக்' என்று மூச்சு வெளியே வந்தது. இரண்டு வருடத்தில் நான் கேட்டிராத சத்தம். காலை முழுக்கத் தண்ணீர் காணாமல் காய்ந்த உடம்பு. பல மாதமாக ஓடாத கால்கள். அவள் கண் அப்போதும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. என் கை வருவது அவளுக்குத் தெரிந்தது. விலகத்தான் முடியவில்லை. வயிற்றைக் காக்க முழங்கையை இறக்கினாள். முகம் திறந்தது. அப்போதுதான் முதல்முறையாக முகத்தைப் பார்த்தேன், வலது கையை நேராக விட்டேன்.

நடுவர் அவளை நிறுத்திவைத்து எட்டு வரை எண்ணினார். அதற்குப் பிறகு அவள் கையைத் தூக்கிக்கொண்டாள். ஒழுங்காக, டீச்சர் சொல்லிக்கொடுத்த மாதிரி. ஆனால் கை தூக்கிக்கொண்டு ஆட அவள் பழகவே இல்லையே. மூன்றாவது ரவுண்டில் கயிற்றைப் பிடிக்காத குறையாக நின்றாள். நடுவர் என் கையைத்தான் உயர்த்தினார். எனக்கு அழுகை வரவில்லை. இது எனக்குச் சேரவேண்டியது என்று தெளிவாகத் தோன்றியது.

"லைட்டா எட்த்துக்கினேன். அவ்ளோதான்," என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். அடுத்த வாரம் அறையைக் காலி செய்தாள், கம்பெனியையும் மாற்றிக்கொண்டாள். வேறு ஒரு கிளப்பில் சேர்ந்து, அங்கேயும் ஓடாமல், ஒரு பள்ளி மாணவியிடம் தோற்றதாகக் கேள்விப்பட்டேன். அதோடு கையுறையைக் கழற்றிவிட்டாள்.

போன மாதம் ஒரு குடோனுக்குச் சரக்கு விஷயமாகப் போனபோது அவள் அங்கே பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குதித்து இறங்கிக் கட்டிக்கொண்டாள். டீ குடித்தோம். நான் மாநிலப் போட்டி வரை போனது, இப்போது டீச்சரோடு சேர்ந்து பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"உண்மைய சொல்லுக்கா. அன்னிக்கு நான் ஒயுங்கா ஓடிக்கினு இருந்திருந்தா, நீ ஜெயிச்சிருப்பியா?"

"இல்ல," என்றேன் உடனே. "தொட்டுக்கூட இருக்கமாட்டேன்."

அவள் முகம் மலர்ந்தது.

"ஆனா நீ ஓடலியேடி."

கிளாஸில் மிச்சமிருந்த டீயைக் குடித்துமுடித்தாள். பிறகு, "மெய்தான்," என்றாள். அவள் அப்படிச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் முறை. வெளியே ஒரு லாரி டிரைவர் ஹார்ன் அடித்துக் கூப்பிட்டார். அவள் ஃபோர்க்லிஃப்டில் ஏறி, இரண்டு அடுக்குப் பெட்டிகளுக்கு நடுவே இருந்த சந்துக்குள் அதை லேசாகத் திருப்பிக்கொண்டு போனாள். எந்தப் பக்கமும் இடிக்கவில்லை.