வந்த தடம், போன தடம்

அவர் தலையில் பேருக்கு ஒரு முடி கிடையாது. ஆனாலும் அந்தக் குட்டித் தீவின் விடுதியில் எல்லோருக்கும் அவர் சீப்புக்காரர்தான். விடிந்ததும் பல் வைத்த அகலமான வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு இறங்குவார். ஏழு மணிக்குள் மொத்த மணலையும் வாரி முடித்துவிடுவார். விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு யாரும் மிதிக்காத மணல் வேண்டும். நண்டோ, நாரையோ, நேற்று வந்த விருந்தாளியோ, யார் தடமும் அதில் இருக்கக் கூடாது. தன் தடமும் மிஞ்சாதபடி பின்னோக்கியே நடந்து வாருவார். பத்தொன்பது வருடப் பழக்கம். வீட்டுக்குள்ளும் பின்பக்கமாகத்தான் நுழைகிறார் என்று, விடுதியின் சலவை அறையில் வேலை பார்க்கும் அவர் மனைவி கேலி செய்வாள்.

ஆமை ஏறி முட்டையிட்டுப் போயிருந்தால் அந்தத் தடத்தைத்தான் முதலில் அழிப்பார். விருந்தாளிகள் கண்ணில் பட்டால் தோண்டிப் பார்க்காமல் விடமாட்டார்கள். ஆமை வந்ததை அலுவலகத்தில் சொல்லிப் பதிய வேண்டும் என்பது விதி. சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடுமே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இடத்தை மனதில் வைத்துக்கொள்வார். இந்த முறை, கால் கழுவும் குழாயிலிருந்து பதினேழு தப்படி தூரம். நாற்பத்தெட்டு நாள் ஆகிவிட்டது. இன்னும் பத்து நாளுக்குள் குஞ்சுகள் வெளியே வந்துவிடும்.

அன்றைக்குத்தான் மேலாளர் நிழற்குடை நட இடம் குறிக்க வந்தார். குறித்தது சரியாக அந்த இடத்தை.

"இங்க வேணாம் சார். கீழ ஆமை முட்டை இருக்கு."

"ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க, நீ விடுதிக்கே கூட்டிட்டு வர்றியா? தினமும் காலைல மாடியிலேருந்து பாக்குறேன், மணல்ல ஒரு கீறல் கெடையாது. நாளைக்கு மத்தியானம் ஆளுங்க வந்து கம்பு நட்டுடுவாங்க."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்ட கதையாகிவிட்டது. தடத்தை அழித்தவன் நான்தான் என்று சொன்னால் வேலை போய்விடும். தோண்டிக் காட்டலாம், இத்தனை நாளான முட்டையைப் புரட்டினால் உள்ளே இருப்பது செத்துப்போகும்.

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னார்.

"பத்தொன்பது வருஷமா அழிச்சீங்களே, ஒண்ணே ஒண்ணு வரைய வராதா?"

சோப்புத்தூள் டப்பா மூடியை அவளே எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் விடிகாலையில் சீப்புக்காரர் மண்டியிட்டு, அந்த மூடியால் மணலைத் தள்ளித் தள்ளி வரைந்தார். நடுவில் வயிறு இழுத்த கோடு, இரண்டு பக்கமும் துடுப்புக்கால் தள்ளிய மணல். வந்த தடம் ஒன்று, போன தடம் ஒன்று.

ஏழு மணிக்குக் கடற்கரையில் ஒரே கூச்சல். விடுதியே திரண்டுவிட்டது. நாலாம் அறையில் தங்கியிருந்த, ஓய்வுபெற்ற டீச்சர் அம்மா மட்டும் மண்டியிட்டு உற்றுப் பார்த்தார்.

"மணலைத் தள்ளியிருக்கறதப் பாத்தா ரெண்டு தடமும் கடலுக்குத்தானே போகுது? வந்த தடத்தைக் காணோமே!"

பின்னோக்கி நடந்தே பழகிய சீப்புக்காரர், வந்த தடத்தையும் திருப்பிப் போட்டிருந்தார். டீச்சர் அம்மா அவருடைய மணல் அப்பிய முழங்காலை ஒரு முறை பார்த்தார்.

"என்னவோ, எனக்குத்தான் கண்ணு சரியா தெரியல போல. மேனேஜர், முதல்ல கயிறு கட்டச் சொல்லுங்க" என்றார்.

விருந்தாளிகள் முகத்தில் இருந்த சந்தோஷமே மேலாளருக்குப் போதும். கயிறு கட்டப்பட்டது. குடைகள் நீச்சல் குளத்துப் பக்கம் போயின.

ஒன்பதாம் நாள் காலையில் கயிற்றுக்குள் மணல் குழிந்திருந்தது. அங்கிருந்து தண்ணீர்வரை நூற்றுக்கும் மேல் மெல்லிய கோடுகள். சீப்புக்காரர் வாரியைக் கீழே போட்டுவிட்டுத் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தார். அத்தனை சந்தோஷம் அவருக்கு.

மாடியிலிருந்து பார்த்துவிட்டு மேலாளர் இறங்கி வந்தார். கோடுகளைப் பார்த்தார். விரல் விட்டு நாள் கணக்குப் போட்டார்.

"ஏய்யா, போன வாரம் முட்டை போட்ட ஆமைக்கு அதுக்குள்ள குஞ்சா? எல்லாம் போயிருக்கு, சரி. இதோட அம்மா எப்ப வந்துச்சு? அந்த டீச்சரம்மா கேட்டாங்களே, வந்த தடம் எங்க?"

சீப்புக்காரர் வாரியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அது வந்து ரெண்டு மாசம் ஆச்சு சார். வந்த தடத்தை நான்தான் அழிச்சேன்."